கேமரா இருக்கும் அறை

நேற்றுக் காலை பதினொரு மணிக்கு என் படுக்கையறையில் ஓர் ஆண் குரல் கேட்டது. பாப்பா தும்முது, என்றது. இரண்டே சொல். என் கணவரின் குரல் இல்லை. நான் குளித்துவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தேன். நைட்டியின் மேல் பொத்தான்களைப் போட்டிருந்தேனா என்பது எத்தனை முறை யோசித்தாலும் பிடிபடவில்லை. மகிழா தும்மியது உண்மைதான், அடுத்தடுத்து இரண்டு தும்மல், அதற்குப் பிறகு தன் தும்மலுக்கே பயந்தவள்போலக் கண்ணை அகல விரித்துக்கொண்டு கிடந்தாள். குரல் வந்தது தொட்டிலுக்கு மேலே கழுத்தை வளைத்துக்கொண்டு நிற்கும் வெள்ளைக் கேமராவிலிருந்து. அதில் கவியரசன் பேசுவார், அது பழகிவிட்டது, கத்தாரிலிருந்து பேசினாலும் அலமாரிக்குப் பின்னால் நின்று பேசுவதுபோல இருக்கும். இது வேறு. நேற்றிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், நினைக்கும்போதெல்லாம் ஒரே இடத்தில் வந்து தடுக்குகிறது. ஒருவன் பேசினான் என்று நினைத்தால் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் திருடனாகத் தெரிகிறது. ஒருவர் பேசினார் என்றால் வீட்டுக்கு வந்த விருந்தாளியாகி, நான் காப்பி போட எழுந்திருக்க வேண்டும்போல இருக்கிறது. ஆளைத் தெரியாமல் எப்படி மரியாதை கொடுப்பது, எப்படிக் கொடுக்காமல் இருப்பது. அதனால் குரல் பேசியது என்று வைத்துக்கொண்டேன். அதற்கு ஐம்பதை ஒட்டி வயது இருக்கும். அன்பான குரல் என்றுகூடச் சொல்லலாம். அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

இப்போது மணி இரண்டு. மகிழா தூங்குகிறாள். பதினோரு வாரம் முடிந்துவிட்டது அவளுக்கு. நான் கொடியிலிருந்து எடுத்துவந்த துணிகளை மடித்துக்கொண்டிருக்கிறேன், வெயிலில் காய்ந்து விறைத்துப்போன சின்னச் சின்னத் துணிகள், உள்ளங்கை அகலச் சட்டைகள். கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன் என்பதை நாலாவது துணியை மடிக்கும்போதுதான் கவனித்தேன். அக்கா ஐந்தரைக்கு வருவாள், லேபில் வேலை முடிந்து, கையில் பூவோ தூதுவளையோ எதையாவது கொண்டுவருவாள். அவள் ரெண்டு பிள்ளை பெற்றவள். கவியரசன் அனுப்பிய இந்தச் சாமான்களையெல்லாம் முதல்முறை பார்த்தபோது ஒவ்வொன்றையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் வாங்குறதுக்குப் பிரயோஜனம் உண்டா சத்யா என்று கேட்டாள். கேலி இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அன்றைக்குப் பதில் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஒவ்வொன்றாக வேண்டுமானால் சொல்லலாம். பால் சூடாக்குகிற மெஷினைப் பெட்டியை விட்டே எடுக்கவில்லை, மகிழா தாய்ப்பால்தான் குடிக்கிறாள். பாட்டிலை ஆவியில் கழுவுகிற மெஷினும் அப்படியே. தானாக ஆடும் தொட்டில் முதல் வாரம் ஆடியது, அவள் அலறினாள், அதிலிருந்து அதை ஆட்டாமல் வெறும் தொட்டிலாக வைத்திருக்கிறேன். மழைச் சத்தம் போடுகிற விளக்கு ஒன்று, அதைப் போட்டால் அவள் தூங்குகிறாளோ இல்லையோ எனக்கு மொட்டைமாடியில் துணி காய்கிற ஞாபகம் வந்துவிடுகிறது. மூக்கை உறிஞ்சி எடுக்கிற சின்ன மெஷின் மட்டும் நிஜமாகவே நல்ல சாமான், சளி பிடித்த மூன்று நாளும் அதுதான் அவளைப் பால் குடிக்க வைத்தது. எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் வந்தன, லீவில் வந்த அவருடைய சிநேகிதர் தோளில் சுமந்து மாடியேறிக் கொண்டுவந்து வைத்தார். பெட்டியின் மேல் கவியரசன் மார்க்கர் பேனாவால் என் மகளுக்கு என்று எழுதியிருந்தார். கொட்டை எழுத்து, தெரு முனையிலிருந்தே படிக்கலாம். விலை எதையும் சொல்லவில்லை. நான் போனில் தேடிப் பார்த்தேன், பார்த்துவிட்டு அவரிடம் கேட்கவில்லை. நான் ஐந்து மாதமாக இருக்கும்போது போனவர். ஏழு மாதமாகிறது. மகிழாவை இன்னும் தொட்டது கிடையாது. தொடாதவர் எதையாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, அதனால் சும்மா இருந்துவிட்டேன்.

கேமராதான் பெரிய சாமான். மெத்தைக்கு அடியில் ஒரு தட்டை விரிப்பு, அது மூச்சை எண்ணும். மேலே கேமரா, அது பார்க்கும், கேட்கும், அழுகையை நிமிடக் கணக்கில் குறித்து வைக்கும். எல்லாம் அவருடைய போனுக்கும் டேபுக்கும் போகும். அவருக்கு அங்கே வேலையே இதுதான், ஊர் முழுக்க ஏசிக்குக் குளிர்ந்த தண்ணீர் அனுப்பும் பிளாண்ட்டில் நைட் டூட்டி, முப்பது மீட்டர்களுக்கு நடுவில் உட்கார்ந்து எந்த முள் நகருகிறது என்று பார்ப்பது. மீட்டர் சரியாக இருந்தால் பிளாண்ட் சரியாக இருக்கிறது, அவ்வளவுதான் அவருக்கு. போன வாரம் பேசும்போது, செவ்வாய்க்கிழமை பதினேழு நிமிஷம் அழுதிருக்காளே, எங்க போயிருந்த என்று கேட்டார். கோபமாக இல்லை, மீட்டரைப் படிக்கிற குரலில். நான் கழிவறையில் இருந்தேன், வயிறு சரியில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். அடுப்பில் பால் பொங்கிவிட்டது என்று சொன்னேன். பதினேழு நிமிடம் எந்தப் பால் பொங்கும் என்று அவர் கேட்கவில்லை. ஏன் பொய் சொன்னேன் என்று அன்று முழுக்க யோசித்தேன், பிறகு விட்டுவிட்டேன். ஆனால் மூச்சு எண்ணும் விரிப்பைப் பற்றி நான் குறை சொல்ல முடியாது. அது வருவதற்கு முன்னால் இரண்டு வாரம் நான் தூங்கவில்லை. கண் அயரும்போதெல்லாம் எழுந்து மகிழாவின் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பேன், விரல் மரத்துப்போயிருந்தால் காற்று தெரியாது, கன்னத்தை வைத்துப் பார்ப்பேன், அவள் எழுந்து அழுவாள், அழுதால் உயிரோடு இருக்கிறாள் என்று எனக்கு நிம்மதியாக இருக்கும், அந்த நிம்மதிக்காகவே அவளை எழுப்பினேனோ என்று குற்றமாகவும் இருக்கும். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி சொன்ன கதை அது, தூக்கத்திலேயே போய்விட்ட குழந்தை, யாருடையது என்றுகூட அவளுக்குத் தெரியாது, யாரோ சொல்லிக் கேட்டது. யாரோ சொன்ன குழந்தை என் வீட்டில் இரண்டு வாரம் இருந்தது. விரிப்பு வந்த அன்றுதான் போனது. அன்றைக்குத் தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்கினேன். அக்காவிடம் சொல்லத் தோன்றியது, இதற்கு மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் அக்கா என்று. சொல்லவில்லை. அதே பெட்டியில்தானே மற்றதும் வந்தது, விரிப்பை வைத்துக்கொண்டு கேமராவை வேண்டாம் என்று சொல்ல முடியாதபடிக்கு இரண்டுக்கும் ஒரே வயர், ஒரே பிளக்.

நேற்று மூன்றரைக்கு அவர் போன் செய்தபோது நான் கேட்டிருக்க வேண்டும். தடுப்பூசி தேதி பற்றிப் பேசினேன். கீழ்வீட்டு மோட்டார் ரிப்பேர் பற்றிப் பேசினேன். கேட்டால் இரண்டு பதில்தான் வரும். அவருக்குத் தெரிந்த ஆள் என்றால், அவருக்குத் தெரிந்தே ஓர் ஆள் என் அறைக்குள் பார்க்கிறார். தெரியாத ஆள் என்றால், எவனோ எங்கிருந்தோ இந்தக் கேமராவைத் திறந்து உள்ளே வந்துவிட்டான், அப்படியெல்லாம் நடக்கிறது என்று படித்திருக்கிறேன். இரண்டில் எது பரவாயில்லை என்று எடைபோட்டுப் பார்த்தேன். இரண்டாவதில் கவியரசன் மேல் தப்பில்லை, ஆனால் பயம் அதிகம். முதலாவதில் பயம் குறைவு, ஆனால். அந்த ஆனாலுக்குப் பிறகு போக மனம் வரவில்லை. பதிலாக, கேமராவுக்கு எது எது தெரியும் என்று மனம் தானாக எண்ண ஆரம்பித்தது. தொட்டில் முழுக்கத் தெரியும். கட்டிலின் இந்தப் பக்க ஓரம் தெரியும், நான் பால் கொடுக்க உட்கார்வது அங்கேதான். அலமாரிக் கதவு தெரியும், அதில் கண்ணாடி இருக்கிறது, கண்ணாடியில் அறையின் மிச்சம் தெரியும். பிரசவமாகி இருபதாவது நாள் நான் தரையில் உட்கார்ந்து காரணமில்லாமல் அழுதது கண்ணாடியில் தெரிந்திருக்கும். அவருடைய தங்கையைப் பற்றி அக்காவிடம் போனில் பேசியதெல்லாம் கேட்டிருக்கும். தையல் ஆறாமல் காலை அகட்டி நடந்தது. புடவை மாற்றியது. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை வீதம் எத்தனை தடவை பால் கொடுத்திருப்பேன் என்று கணக்கு ஓடியது, ஓடட்டும் என்று விட்டேன், பெரிய எண் ஒன்று வந்தது. வந்து என்ன செய்ய.

கேமராவின் நெற்றியில் பொட்டு அளவுக்கு ஒரு நீல விளக்கு உண்டு. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எரியும். பார்க்காதபோது அணைந்துவிடும். இரண்டே முக்காலுக்கு நான் ஏதோ எடுக்கத் திரும்பியபோது அது எரிந்துகொண்டிருந்தது. அவர் தூங்குகிற நேரம் இது. அங்கே மணி பன்னிரண்டேகால், காலையில் டூட்டி முடிந்து வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் ஒரு மணிக்குத்தான் எழுந்திருப்பார், அதற்குப் பிறகுதான் எனக்கு போன் வரும். ஒருநாளும் இந்த நேரத்தில் எரிந்ததில்லை. எரிந்ததில்லையா அல்லது நான் கவனித்ததில்லையா. கையில் மடித்த துணியோடு அப்படியே நின்றேன். என்னங்க, என்று கூப்பிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. பதில் வேறு குரலில் வந்தால் என்ன செய்வேன் என்று தெரியாததால் கூப்பிடவில்லை. அப்போதுதான் மகிழா எழுந்தாள். முதலில் ஒரு முனகல், பிறகு தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உருட்டி வாயால் தேடுவது, இன்னும் அரை நிமிடத்தில் அழுகை வரும், அழுகையைக் கேட்டதுமே எனக்கு மார்பு கனத்து ஊறத் தொடங்கிவிடும், அதற்கு என் சம்மதம் தேவையில்லை. நைட்டி நனைந்தது. நீல விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. எனக்கு வெட்கமாக இல்லை என்பதைக் கவனித்தேன். கோபமும் இல்லை. என் வீட்டில் எந்த மூலைக்குப் போய் என் பிள்ளைக்குப் பால் கொடுப்பது என்கிற யோசனை மட்டும்தான் இருந்தது, பஸ் ஸ்டாண்டில் கைப்பிள்ளையோடு நிற்பவள் யோசிப்பாளே அந்த மாதிரி.

அவளைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அங்கே நாற்காலி கிடையாது. தரையில் உட்கார்ந்து சிலிண்டரில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன், இரும்பு ஜில்லென்று இருந்தது, கொஞ்ச நேரத்தில் என் சூட்டுக்குச் சூடாகிவிட்டது. மதியம் தாளித்த கறிவேப்பிலை வாசனை இன்னும் இருந்தது. மகிழா வேகமாகக் குடித்தாள், பிறகு மெதுவாக, பிறகு குடிப்பதை மறந்துவிட்டு என் தாலிச் சரட்டை விரலில் சுற்றிக்கொண்டு கண்ணை மூடினாள். அடுப்பு மேடைக்கு அடியில் எறும்பு வரிசை போனது. கீழ்வீட்டில் சீரியல் ஓடியது, ஒரு பொம்பளை யாரிடமோ நியாயம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எதையும் முடிவு செய்ததாகத் தெரியவில்லை. அவளைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்து, எழுந்து, படுக்கையறைக்குப் போய், குனிந்து, கட்டிலுக்குப் பின்னால் கையை விட்டுப் பிளக்கைப் பிடுங்கினேன். நீல விளக்கு போய்விட்டது. கேமரா கழுத்தை வளைத்தபடிதான் நின்றது. மூச்சு எண்ணும் விரிப்பும் கூடவே நின்றுபோயிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது, தோளில் கிடந்தவளின் முதுகில் கையை வைத்துக்கொண்டேன். மணி மூன்று ஐந்து.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, போன் அடித்தது. சாதாரண கால், வீடியோ இல்லை. எடுத்ததும், பாப்பா நல்லா இருக்காளா என்றார். தூக்கத்திலிருந்து அப்படியே ஓடிவந்த குரல், மூச்சு வாங்கியது. நல்லா இருக்கா, தோள்ல இருக்கா, என்றேன். அலாரம் அடிச்சுது, சிக்னல் இல்லைன்னு காட்டுது, மூச்சும் காட்டல, என்றார். எதுவோ பேசப்போய் இருமினார். கரண்டு போச்சா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிடலாம். பட்டுக்கோட்டையில் மதியம் கரண்டு போவதை யார் நம்பமாட்டார்கள். பால் பொங்கியதைப் போல இதுவும் போய்விடும்.

"நான்தாங்க பிளக்க எடுத்தேன்," என்றேன். "நேத்து அதுல வேற யாரோ பேசினாங்க. இன்னைக்கும் லைட்டு எரிஞ்சுது. யாரு அது?"

அவர் உடனே சொல்லிவிட்டார், அதில் மறைக்க எதுவும் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. தேவசகாயம் அண்ணன். ரூமில் நாலு பேர், அதில் மூத்தவர், நாசரேத்துக்காரர், பிளாண்ட்டில் வெல்டர், அவருக்கும் நைட் டூட்டிதான். டேப் எப்போதும் அலமாரித் தட்டில் ஸ்டாண்டில்தான் இருக்குமாம், இவர் அதைப் பார்த்துக்கொண்டே தூங்குவாராம். படம் தானாக அணைந்துவிட்டால் அண்ணன் திரையைத் தொட்டு எழுப்புவாராம், அவருக்கு பாப்பாவைப் பார்க்க வேண்டும். நேற்று இவர் குளிக்கப் போயிருந்தபோது அண்ணனைப் பார்க்கச் சொன்னாராம். அண்ணனுக்கு ஒரு மகள் இருக்கிறாள், பதினாறு வயது, அவள் பிறந்ததிலிருந்து மொத்தமாக நாலு தடவைதான் பார்த்திருக்கிறார், அதுவும் லீவில். மற்ற இரண்டு பேரும்கூட வேலைக்குக் கிளம்பும்போது பாப்பா என்ன பண்ணுது என்று கேட்டுவிட்டுத்தான் போவார்களாம். ரொம்ப நல்லவங்க சத்யா, என்றார். நல்லவராகத்தான் இருப்பார் என்று நானும் நினைத்தேன். பேர் தெரிந்ததும் அந்தக் குரலுக்கு அவர் என்று மரியாதை வந்து ஒட்டிக்கொண்டதைக் கவனித்தேன். ஒட்டிக்கொண்டும் எதுவும் குறையவில்லை.

"புள்ளையத்தானே பாக்குறாங்க," என்றார்.

"நான் எங்க உக்காந்து பால் குடுக்குறேன்னு நெனைக்கிறீங்க?"

ஏசி ஓடும் இரைச்சல் மட்டும் கேட்டது. அவர் அந்த அறையை மனதுக்குள் அளந்துகொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது, தொட்டில் எங்கே, கட்டில் எங்கே, கேமரா எந்த உயரம். மீட்டர் படிக்கிறவருக்கு அது கஷ்டமில்லை. நான் காத்திருந்தேன். ஏழு மாதத்தில் இவ்வளவு நீளமான மௌனம் எங்களுக்குள் வந்ததில்லை, நிமிடத்துக்கு இவ்வளவு என்று காசு போகும்போது யாரும் மௌனமாக இருப்பதில்லை. பால் கொடுக்கும்போதெல்லாம் டேபைக் குப்புறக் கவிழ்த்துத்தான் வைப்பேன் என்றார் பிறகு. நீங்க தூங்கும்போது, என்றேன். அவர் கவிழ்த்தது எத்தனை முறை, கவிழ்க்காதது எத்தனை முறை, யார் எதைப் பார்த்தார்கள், எனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. அவருக்கும் தெரியாது. தேவசகாயம் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கலாம். திருப்பாமலும் இருந்திருக்கலாம். தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு எத்தனை வருடம் இருக்க முடியும் என்று யோசித்தேன், இருக்க முடியும் என்றுதான் தோன்றியது, ஜனங்கள் அப்படித்தான் இருக்கிறார்கள்.

"நான் அதை யோசிக்கவே இல்ல சத்யா," என்றார். குரல் தாழ்ந்துவிட்டது, பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள்போல. அவர் கதவைத் திறந்து வெளியே வந்து நிற்பது கேட்டது, இரைச்சல் மாறியது. பிறகு, நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கோபம் வந்தது. "அப்ப நான் எப்படி அவளப் பாக்குறது? போட்டோவுலயா?"

கூப்பிடுங்க, காட்டுறேன், என்றேன். எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க. நான் எடுக்க முடிஞ்சா எடுப்பேன், முடியலன்னா திரும்பக் கூப்பிடுவேன். நான் காட்டி நீங்க பாக்கணும். இதைச் சொல்லும்போது என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. சின்ன விஷயம்போலத்தான் சொன்னேன். அந்த விரிப்பு, என்று ஆரம்பித்தார். மூச்சு எண்ணுவது மட்டுமாவது ஓடட்டும் என்பதுதான் அவர் சொல்லவந்தது, எனக்கும் அதே ஆசைதான், அது இல்லாமல் இன்றைக்குத் தூங்குவேனா என்று தெரியவில்லை. ரெண்டும் ஒரே பிளக்குங்க, என்றேன். ஆமா, என்றார். பிறகு, சரி, என்றார். ஒத்துக்கொண்ட சரியா, வேறு வழியில்லாத சரியா என்று தெரியவில்லை. வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. இப்பக் காட்டுறியா என்று கேட்டார். அவர் இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. கேட்க வேண்டிய அவசியம் இதற்கு முன்னால் வந்ததில்லை.

அதை வைத்துவிட்டு வீடியோவில் கூப்பிட்டேன். அவர் தலைமயிர் ஒரு பக்கம் அழுந்திப்போய் நின்றது, கன்னத்தில் தலையணைக் கோடு. ஒரு நீளமான வராண்டாவில் நின்றிருந்தார், பின்னால் வரிசையாகச் செருப்புகள். மகிழாவைக் காட்டினேன், அவள் தூக்கக் கலக்கத்தில் போனைப் பார்க்காமல் போனுக்கு மேலே எதையோ பார்த்தாள். அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார், அவள் திரும்பவில்லை, அவர் சிரித்தார். உள்ளே புழுக்கமாக இருந்ததால் பேசிக்கொண்டே பால்கனிக்கு வந்தேன். இடது தோளில் அவள், வலது கையில் போன், கையை நீட்டி நீட்டி முழங்கை வலித்தது. வெளி வெளிச்சத்தில் அவள் முகத்தைச் சுருக்கி என் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டாள். இப்போது அவருக்கு அவளுடைய பின்மண்டையும் அதற்குப் பின்னால் தெருவும்தான் தெரிந்திருக்கும்.

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார். படம் அப்படியே நின்றது, நான் சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன்.

"எதுத்தாப்புல அது யாரு வீடு?" என்றார்.

அவர் போகும்போது அங்கே வெறும் மனை, கருவேலம் மண்டிக் கிடந்தது, ரெண்டு ஆடு கட்டியிருப்பார்கள். ரிடையர் ஆன போஸ்ட்மாஸ்டர் ஒருத்தர் வாங்கி வீடு கட்டிக் குடிவந்து ஒன்றரை மாசம் ஆகிறது என்று சொன்னேன். மாடிகூடப் போட்டாச்சு. கிரகப்பிரவேசத்துக்கு வந்து கூப்பிட்டார்கள், நான் பச்சை உடம்பு என்று போகவில்லை, அக்கா போனாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒன்பது வாரமாக இரவும் பகலும் என் வீட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தவர். அந்த வீட்டுச் சுவருக்கு அடித்திருக்கும் கத்தரிப்பூ நிறத்தையும், மாடியில் காயும் போர்வையையும், கேட்டில் கட்டியிருக்கும் திருஷ்டிப் பூசணியையும் ஒன்றொன்றாகப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பு," என்றார். "முனையில அந்த டீக்கடை இன்னும் இருக்கா?"

இருக்கு, என்றேன். திருப்பினேன்.